எல்லாமே பிடிக்கிறது, எதையும் முடிப்பதில்லை: ட்ரிபிள் ஈ இரண்டாம் வருடம், எதைப் பிடித்துக்கொள்வது?

மும்முனை:

வணக்கம். ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிக்கிறேன், நாலாவது செமஸ்டர். ஊர் வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். வீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் ஆள் நான்தான், அதனால் இதையெல்லாம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடத்தில் சி சொல்லித் தந்தார்கள். லேபில் டர்போ சி, அந்த நீலத் திரை. முதல் வரியில் திரையைத் துடைக்க வேண்டும், கடைசி வரியில் ஒரு கீ அழுத்தக் காத்திருக்க வேண்டும், ஏன் என்று கேட்டால் "ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு". ஒரு நாள் 20000-ஐயும் 20000-ஐயும் கூட்டினேன், விடை -25536 என்று வந்தது. "சின்ன நம்பரா குடுத்துப் பாரு" என்றார்கள். அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் தேடியபோதுதான் புரிந்தது, டர்போ சியில் இன்ட் (முழு எண் வகை) என்பது 16 பிட், 32767-ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு எதிர்மறைப் பக்கம் வந்துவிடும். 40000-இலிருந்து 65536-ஐக் கழித்தேன், அச்சு அசலாக -25536. அந்தச் சந்தோஷம் மார்க் வாங்கியபோதுகூட வந்ததில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது.

அப்புறம் லினக்ஸ். உபுன்டு போடுகிறேன் என்று உட்கார்ந்து, நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடும் தெரிவைத் தட்டிவிட்டேன். அக்கா கல்யாண போட்டோ எல்லாம் போயிற்று. அக்கா இன்னும் சரியாகப் பேசவில்லை, லினக்ஸ் மட்டும் இருக்கிறது. அப்புறம் ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கினேன், எல்ஈடி எரிந்தது, தூரம் அளக்கும் சென்சார் ஓடியது, அதோடு பெட்டிக்குள் போய்விட்டது. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசர் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன், அன்றையிலிருந்து ஒரு மாதம் நானும் ப்ராசசர் செய்வதாக இருந்தேன். பைத்தானில் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் கேட்டேன், 5 என்கிறது. மூன்று எழுத்துதானே? திருப்பிப் போட்டுப் பார்த்தால் முன்னால் ஒரு புள்ளி வட்டம், அதற்கப்புறம் "ழிமத". அது ஏன் என்று தேடப் போய் மறுநாள் இன்டர்னலுக்குப் படிக்கவில்லை. இப்போது மெஷின் லேர்னிங் கோர்ஸ் ஒன்று, நாலாவது வீடியோவில் நிற்கிறது.

சீனியர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான்: "டிஎஸ்ஏ (டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம்) போடு, லீட்கோட் (கோடிங் கணக்குத் தளம்) போடு, மத்ததெல்லாம் டைம் பாஸ்". அப்பாவுக்கு இதெல்லாம் ஒன்றுதான், கம்ப்யூட்டர். போன மாதம் போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கியது தெரியாமல் மோட்டார் சும்மா ஓடி காயில் (கம்பிச்சுருள்) எரிந்துவிட்டது, மறுபடி காயில் கட்ட 9,000 சொச்சம் ஆனது. "இவ்வளவு படிக்கிறயே, இதுக்கு ஏதாவது பண்ண முடியாதா?" என்றார். நான் அது வேறே சப்ஜெக்ட் என்று சொல்லிவிட்டேன்.

இதில் எதைப் பிடித்துக்கொண்டு எதை விட வேண்டும்? நேராகச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.


ஓம்விதி:

தம்பி, எழுதியதை இரண்டு தரம் படித்தேன். கேள்வியை விட்டுவிட்டு கடைசிக்கு முந்தின பத்தியை மட்டும் மறுபடி படித்துப் பார். அது வேறே சப்ஜெக்ட் இல்லை, அதுதான் உன் சப்ஜெக்ட். நான் கோவையில் பம்ப் கன்ட்ரோலர் செய்கிற இடத்தில் 14 வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், இந்த ஒரே பிரச்சினையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுக்கும், அதனால்தான் எரிகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உல்டா. தூக்க வேண்டிய பாரம் இல்லை, அதனால் கரண்ட் குறையும். எரிவதற்குக் காரணம், சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றி இருக்கிற தண்ணீர்தான், அது போனால் சூடு எங்கே போகும்? இன்னொரு விஷயம் மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸில் ஒன்று போய்விடுவது. அதில் மீதி இரண்டு பேஸில் கரண்ட் ஏறும். இரண்டிலும் காயில்தான் போகிறது, ஆனால் ஒன்றில் ஆம்பியர் இறங்குகிறது, இன்னொன்றில் ஏறுகிறது. ஒரு கரண்ட் சென்சாரை வைத்து ஆம்பியரை மட்டும் உருப்படியாகப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். அந்த ஒரு பேஸே போய்விட்டால் சென்சார் சைபர் காட்டும், அதற்கு மற்ற பேஸிலும் ஒன்று வேண்டும், அது பிற்பாடு.

பெட்டிக்குள் கிடக்கிற ஊனோவை எடு. எஸ்சிடி-013 என்று கவ்விப் பிடிக்கிற சிடி (கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்) ஒன்று கிடைக்கும், வயரை அறுக்காமல் வெளியிலிருந்து மாட்டலாம், சென்னைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வரச் சொல். 100 ஆம்பியர் போனால் 50 மில்லி ஆம்பியர் தரும் வகை. அந்தக் கரண்டை வோல்ட்டாக மாற்ற பர்டன் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போடு, மாட்டிய பிறகு அதைக் கழற்றாதே, சிடியின் செகண்டரியைத் திறந்து விடக்கூடாது என்று மெஷின்ஸ் பேப்பரில் படித்திருப்பாய். இரண்டு சம ரெசிஸ்டர் வைத்து நடுவில் 2.5 வோல்ட் எடுத்து அதன் மேல் ஏற்றி அனலாக் பின்னில் கொடு.

மோட்டாரை நிறுத்துகிற வேலையில் இப்போது இறங்காதே. ஒரு மாதம் சும்மா பார், எழுதி வை. ஸ்டார்ட்டர் பெட்டியை நீயாகத் திறக்கவும் கூடாது, உங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டுத் திறக்கட்டும், நீ பக்கத்தில் நின்று சிடியை மாட்டிவிட்டு வா. மும்முனை என்று பெயர் வைத்துக்கொண்டால் மட்டும் 415 வோல்ட் சொந்தக்காரன் ஆகிவிடாது.

எதை விடுவது என்று கேட்டாய். இதைத் தொடங்கினால் எது தேவை, எது தேவையில்லை என்று அதுவே சொல்லும்.


மூன்றுசுழி:

மேலே இருக்கிற அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பைத்தான் கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் வந்தேன். அது டைம் பாஸ் கேள்வி இல்லை தம்பி, நல்ல கேள்வி.

கம்ப்யூட்டருக்கு நம் எழுத்து தெரியாது, யூனிகோட் குறியீடுதான் தெரியும். "தமிழ்" என்பது அதற்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. அதனால் 5. திருப்பினால் புள்ளி முதலில் வந்து உட்காரும், அதற்கு மேலே ஒட்ட மெய் எதுவும் இல்லாததால் புள்ளி வட்டத்தைக் காட்டும், ம-வின் கொக்கி போய் ழ-வில் ஒட்டி "ழி" ஆகிவிடும். நீ பார்த்தது அதுதான். சேமிக்கிற முறையான யூடிஎஃப்-8-இல் இந்த ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், அதாவது மூன்று எழுத்துச் சொல்லுக்கு 15 பைட். ஓப்பன்-தமிழ் என்று ஒரு பைத்தான் நிரல்தொகுப்பு இருக்கிறது, எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் நீயே ஒரு தரம் எழுதிப் பார், இருபது வரிகூட வராது: வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் முந்தின எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புது எழுத்து.

இன்னும் இரண்டு இடத்தில் கால் தடுக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்துதல். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசி. அதனால் சும்மா சார்ட் அடித்தால் மனம் முதலில் வந்து மரம் பின்னால் வரும், அகராதியில் மரம்தான் முன்னால். வலிக்கு முன்னால் வறுமை வந்துவிடும், வாழ்க்கையில் அப்படித்தான் என்றாலும் அகராதியில் இல்லை. புள்ளிக்கான குறியீடு உயிர்க்குறிகளுக்கெல்லாம் அப்புறம் இருப்பதால் க் போய் கௌ-வுக்கும் பின்னால் நிற்கும். நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு வாடிக்கையாளர் பட்டியலை இப்படி வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டு, பெயர் காணவில்லை காணவில்லை என்று இரண்டு நாள் போன் வந்தது. பெயர் எல்லாம் இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இன்னொன்று கொ. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றேதான். ஒப்பிட்டுப் பார்த்தால் "கொடி"யும் "கொடி"யும் வேறு வேறு என்று சொல்லும். தேடலில் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான், ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

சரி, உன் மோட்டாருக்கு வருகிறேன். அப்பா பார்க்கப் போகிற திரையில் என்ன எழுதுவாய்? ஆங்கிலத்தில் "டிரை ரன்" என்றா? "தண்ணீர் இல்லை" என்று தமிழில் வர வேண்டும். அங்கேதான் வேடிக்கை. கடையில் எல்லாரும் எடுத்துக் கொடுக்கிற 16-க்கு 2 எல்சிடியில் நாமாக வரைந்துகொள்ள எட்டு எழுத்துக்குத்தான் இடம். எண்ணிப் பார்த்தால் த, ண், ணீ, ர், இ, ல், லை, ஏழுதான், ஆகா என்று தோன்றும். ஆனால் ஒரு கட்டத்துக்கு அகலம் ஐந்து புள்ளி. மூன்று சுழி ண-வை ஐந்து புள்ளிக்குள் அடக்கிக் காட்டு, உனக்கு ஒரு பிரியாணி என் செலவு. (என் பெயருக்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.)

அதனால் 128-க்கு 64 ஓஎல்ஈடி வாங்கு. அதன் படத்தை வைக்க 1,024 பைட் வேண்டும், ஊனோவின் மொத்த ரேம் 2,048. பாதி அங்கேயே போயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது, அப்போதுதான் ஒரு பைட்டுக்கு என்ன மதிப்பு என்று தெரியும். லேப்டாப்பில் அது ஒருபோதும் தெரியாது.

எழுத்தைக் கோத்துக் காட்டுகிற வேலையை கம்ப்யூட்டரிலும் போனிலும் ஹார்ஃப்பஸ் மாதிரி ஒன்று சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. ஊனோவில் அது கிடையாது, நீதான் செய்ய வேண்டும். லை-யில் ல முதலில் சேமிக்கப்படும், ஐகாரக் குறி பின்னால், வரையும்போது மட்டும் குறி முன்னால் வர வேண்டும். கு, கூ வரிசை 36-க்கும் தனித்தனிப் படம். டி, டீ தனி. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததால் தப்பித்தாய், பழைய லை, ணை, றா எல்லாம் தனி வடிவம், அது இன்னும் பெரிய பட்டியல். நேரமில்லை என்றால் முழு வாசகத்தையும் ஒரே படமாக வரைந்து, நிரல் இருக்கிற ஃப்ளாஷ் நினைவகத்தில் போட்டுவிடலாம், அதில் 32 கேபி இருக்கிறது. கேவலம் ஒன்றும் இல்லை.


பெஞ்ச்மேட்:

மேலே பேசிய இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, அதனால் இப்படிப் பேசலாம். நான் போன வருடம் பாஸ் அவுட். எங்கள் கேம்பஸில் நல்ல ப்ராஜெக்ட் வைத்திருந்தவன் முதல் ரவுண்டில் கோடிங் டெஸ்டிலேயே வெளியே போனான், ப்ராஜெக்டைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. ஐந்நூறு பேரில் பத்துப் பேரை எடுக்க வருகிறவன் ஒவ்வொருத்தனுடைய கிணற்றையும் எட்டிப் பார்க்க மாட்டான். சீனியர்கள் சொல்வதில் பாதி சரி. "மத்ததெல்லாம் டைம் பாஸ்" என்கிற பாதிதான் தப்பு.

நான் சொல்வது, தினம் ஒரு மணி நேரம். காலையிலோ மெஸ் போவதற்கு முன்னாலோ, ஒரு கணக்கு. மூன்றாம் வருட முடிவுக்குள் அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் டேபிள், ட்ரீ, கிராஃப் என்று கை பழகினால் போதும். கோர் (எலக்ட்ரிகல்) கம்பெனிக்குப் போனாலும் சியில் பாயின்டர் கேட்காமல் விட மாட்டார்கள்.

அப்புறம் உனக்கு டிஎஸ்ஏ போர் அடிக்கும் என்று நீயே முடிவு கட்டாதே. உன்னுடைய -25536 அங்கேயும் இருக்கிறது. பைனரி சர்ச் (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது) எழுதும்போது நடு இடம் கண்டுபிடிக்க கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்போம் இல்லையா, உன் டர்போ சியில் கீழ் 18000, மேல் 22000 என்று வைத்துப் பார். கூட்டினால் 40000, அதாவது -25536, நடு இடம் -12768. அரேக்கு வெளியே போய் எதையோ எடுத்து வரும். இதே பிழை ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே வருடக்கணக்கில் கிடந்து 2006-இல்தான் வெளியே தெரிந்தது, அங்கே 32 பிட் என்பதால் அவ்வளவு பெரிய அரே யாரும் போடும் வரை மாட்டவில்லை. மேலிலிருந்து கீழைக் கழித்து, பாதியாக்கி, கீழோடு கூட்டினால் தீர்ந்தது. இதை நீ ஏற்கெனவே பாதி கண்டுபிடித்து வைத்திருக்கிறாய், "சின்ன நம்பரா குடு" என்று சொன்னதால் நின்றுவிட்டது.

தயவுசெய்து டர்போ சியை விட்டு வெளியே வா. லினக்ஸ்தான் இருக்கிறதே, அக்கா கல்யாணத்தைக் காவு கொடுத்து வாங்கியது. ஜிசிசி கம்பைலரில் எல்லா எச்சரிக்கையும் காட்டு என்று சொல்லி, ஓடும்போதே பிழை பிடிக்கிற சானிடைசரையும் போட்டு ஓட்டு. எந்த வரியில் எல்லை தாண்டினாய் என்று அதுவே பிடித்துக் கொடுக்கும்.


சும்மா வந்தவன்:

ப்ராசசர் ஆசையை யாரும் கண்டுகொள்ளவில்லை. சக்தி ஓடுவது ரிஸ்க்-5 என்கிற திறந்த கட்டளைத் தொகுதியில், 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது, லைசென்ஸ் காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். யார் வேண்டுமானாலும் என்பதில் நீயும் அடக்கம். சர்க்யூட்டை நிரலாக எழுதி ஓட்டிப் பார்க்கிற ஐகாரஸ் வெரிலாக்கும், அதன் அலைவடிவத்தைக் காட்டுகிற ஜிடிகே வேவும் இலவசம், லினக்ஸில் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் வருகிற கவுன்டரை அதில் எழுதி அலைவடிவத்தைப் பார். ஒரு சனிக்கிழமை போதும். ப்ராசசர் அப்புறம்.

மெஷின் லேர்னிங் நாலாவது வீடியோவில்தான் எல்லாருமே நிற்கிறோம். அதில்தானே மேட்ரிக்ஸ் வருகிறது.

தமிழிலேயே படிக்க வேண்டும் என்றால் கணியம் தளத்தில் லினக்ஸ், பைத்தான் எல்லாம் இலவசமாக இருக்கிறது, நான் கமாண்ட் லைன் பழகியது அதில்தான்.


மும்முனை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் இன்டர்னல். எல்லாருக்கும் நன்றி, திட்டு எதிர்பார்த்தேன், கொஞ்சமாகத்தான் விழுந்தது.

ஓம்விதி அண்ணா, சிடி வாங்கினேன். எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிப்போய் மெயினை இறக்கி, ஸ்டார்ட்டரிலிருந்து போருக்குப் போகிற தட்டைக் கேபிளில் மாட்டிவிட்டு வந்தேன். மோட்டார் எடுத்தோம், வாய்க்காலில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது, என் லேப்டாப்பில் ஆம்பியர் 0.0. பர்டன் மாற்றினேன், இன்னொரு ஊனோ கடன் வாங்கினேன், சிடியே செத்தது என்று கடைக்காரரிடம் போன் போட்டுச் சண்டை போட்டேன். அப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. என்ன தப்பு?


ஓம்விதி:

அட சாமி. தட்டைக் கேபிளில் மாட்டினாயா? அதற்குள் மூன்று பேஸும் போகிறது தம்பி. மூன்றும் 120 டிகிரி தள்ளித் தள்ளி, கூட்டினால் எந்த நொடியிலும் சைபர். சிடி பொய் சொல்லவில்லை, நீ கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு வயரில் மாட்ட வேண்டும் என்று நான் எழுதாமல் விட்டது என் தப்பு, பலகையில் மூன்று அம்புக்குறி போட்டு இதைத்தானே படித்தாய் என்று கேட்டால் அது உன் தப்பு. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கேபிள் பிரிகிற இடத்தில் ஒரு வயரை மட்டும் பிடி. அங்கேயும் ஒரு யுக்தி. உங்களுடையது 5 எச்பி என்றால் ஏழு, ஏழரை ஆம்பியர் இருக்கும். 100 ஆம்பியர் சிடியில் அது 3.75 மில்லி ஆம்பியர்தான், 33 ஓம் பர்டனில் சுமார் 0.12 வோல்ட். ஊனோ 5 வோல்ட்டை 1,024 படியாகப் பார்க்கிறது, உன் அலை மேலும் கீழுமாக எழுபது சொச்சம் படியில் முடிந்துவிடும், இரைச்சலில் தொலையும். வயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் அதையே சிடிக்குள் மூன்று சுற்றுச் சுற்று. சிடிக்கு 22 ஆம்பியர் போகிற மாதிரி தெரியும், இருநூறு படிக்கு மேல் கிடைக்கும். கடைசியில் மூன்றால் வகுத்துக்கொள். இதுவும் மெயினை இறக்கிவிட்டுத்தான், எலக்ட்ரீஷியன் கையால்தான்.


மும்முனை:

அண்ணா, மூன்று சுற்று வேலை செய்தது. சைபர் போய்விட்டது. ஆனால் அடுத்த கூத்தைக் கேளுங்கள்.

கரண்ட்டின் ஓர் அலைக்கு 20 மில்லி செகண்ட், அதற்குள் கிட்டத்தட்ட 190 தரம் படிக்க முடிகிறது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, சராசரி எடுத்து, வர்க்கமூலம், ஆர்எம்எஸ், புத்தகத்தில் இருப்பதுதான். சில நேரம் ஏதோ ஒரு எண் வந்தது, சில நேரம் ஆங்கிலத்தில் என், ஏ, என் என்று மூன்று எழுத்து வந்தது. நான் அதை "நான்" என்று படித்துவிட்டு, யாருப்பா நீ என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் இல்லை என்று அர்த்தமாம். எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் அப்படி வரும். வர்க்கங்களைக் கூட்டினால் எப்படி எதிர்மறை வரும்?

அரை மணி நேரம் கழித்து மண்டையில் அடித்துக்கொண்டேன். ஊனோவிலும் இன்ட் 16 பிட்! கூட்டி வைத்த இடம் இன்ட். 32767 தாண்டியதும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. முதல் வருட லேபில் பார்த்த அதே பூதம், கிணத்து மேட்டில் வந்து நிற்கிறது. பெரிய எண்ணைப் பிடிக்கிற லாங் என்று ஒரு சொல்லை மாற்றினேன், 7.2 ஆம்பியர். மூன்று தரம் அணைத்துப் போட்டுப் பார்த்தேன், 7.1, 7.2, 7.2. எலக்ட்ரீஷியன் அண்ணன் தன்னுடைய கிளாம்ப் மீட்டரை வைத்தார், 7.3. போன ஞாயிறு தண்ணீர் திணறித் திணறி வந்தது, அன்றைக்கு 5-க்குக் கீழே இறங்கியது. அப்பா ரேஷன் கார்டு உறையில் ஒரு டைரி வைத்திருக்கிறார், அதில் தேதி போட்டு ஆம்பியர் எழுதிக்கொண்டு வருகிறார், நான் கேட்கவே இல்லை.

பெஞ்ச்மேட் அண்ணா, தினம் ஒரு கணக்கு போகிறது, பன்னிரண்டு நாள் ஆயிற்று, இரண்டு நாள் டிமிக்கி.

மூன்றுசுழி அக்கா, ஓஎல்ஈடி வந்துவிட்டது. ஒரே படமாகப் போடச் சொன்னீர்கள், நான் வீம்புக்கு எழுத்து எழுத்தாக வரைகிறேன் என்று உட்கார்ந்தேன். "தண்ணீர் இல்லை" 12 குறியீடு, நடுவில் ஒரு இடைவெளி, 37 பைட். தண்ணீர் வரைக்கும் அழகாக வந்துவிட்டது, ணீ-யின் சுழி மட்டும் கொஞ்சம் மொட்டை. லை-யில் மாட்டிக்கொண்டேன். ஐகாரக் குறி ல-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, அதை முன்னால் இழுத்தால் நடுவில் இருக்கிற ல்-இன் புள்ளி வேறே எங்கோ போகிறது.


மூன்றுசுழி:

வரையும்போது குறியீடு குறியீடாகப் போகாதே, முதலில் எழுத்தாகப் பிரித்துவிட்டு அப்புறம் வரை. நான் சொன்ன அந்த இருபது வரி, அதையே சியில் எழுது. ல் ஒரு எழுத்து, லை ஒரு எழுத்து. ஒரு எழுத்துக்குள்ளே மட்டும் குறியை இடம் மாற்று, எழுத்தைத் தாண்டி எதையும் நகர்த்தாதே, புள்ளி ஓடிப்போகாது. எழுதி முடித்ததும் "கொய்யா" என்று போட்டுப் பார், இரண்டு பக்கமும் குறி வருகிற சொல். அது சரியாக வந்தால் மீதி எல்லாம் வரும்.

வாசகத்தை ரேமில் வைக்காமல் ஃப்ளாஷில் வைக்கிறாயா? ஏற்கெனவே பாதி திரைக்குப் போய்விட்டது.


மும்முனை:

ஃப்ளாஷில்தான் அக்கா. நேற்று ராத்திரி அதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். லை உடைந்தபடியே திரையை அப்பாவிடம் காட்டினேன், படிக்க முடிகிறதா என்று. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "தண்ணீர் இல்லைன்னு எவன்டா சொல்லுவான், என்ன ரேடியோ நியூஸா? தண்ணி இல்லன்னு போடு" என்றார்.

போட்டேன். லை-யே கிடையாது. இடம் மாற்ற வேண்டிய குறி ஒன்றுகூட இல்லை, ணி-யில் கொக்கி மட்டும். 37 பைட் 28 ஆகிவிட்டது. கொய்யாவை செமஸ்டர் லீவில் போட்டுப் பார்க்கிறேன் அக்கா, பிரியாணி பேச்சை மட்டும் மறந்துவிடாதீர்கள்.